தண்ணியில ஏது குழி?

அத்தியாயம் 14

"மல்லசமுத்திரத்தில் கப்பலா? கதை விடுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்று சூரமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவராம். ஐயா, கடல் இல்லாத ஊரில் கப்பல் கட்டக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? முழுக் கப்பலையா இங்கே கட்டுகிறார்கள்? துண்டு துண்டாகத்தான். ஒரு துண்டுக்குப் பெயர் பிளாக். ஒவ்வொன்றும் ஒரு வீட்டு அகலம். அதை டிரெய்லரில் ஏற்றி, வழியெல்லாம் கரண்ட் கம்பியைத் தூக்கிப் பிடித்து, கடலூர்ப் பக்கம் கொண்டுபோய், அங்கே ஒன்றோடொன்று ஒட்டி மிதக்க விடுகிறார்கள்.

கட்டுகிறவர்கள் எல்லோரும் லாரிக்கு பாடி கட்டிப் பழகியவர்கள். போர்க் குழி தோண்டும் ரிக் வண்டிக்குச் சட்டம் அடித்தவர்கள். இரும்பு இரும்புதானே என்று இதிலும் இறங்கிவிட்டார்கள். அந்த 'இரும்புதானே'யில்தான் நம் குடும்பம் இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். தனப்பிரியா அந்தக் கப்பல் யார்டில் வெல்டிங்கைச் சோதிக்கிறவள். ஒரு சின்னக் கருவியைத் தகட்டின் மேல் வைத்து, ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் பார்ப்பாள். "என்ற புள்ளை இரும்புக்கு ஸ்கேன் எடுக்குது" என்று அவள் அம்மா கண்ணாத்தாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்பா சென்னிமலை அதே யார்டில் மேஸ்திரி. அண்ணன் ஜெகதீஸ்வரன் ஆபீஸில் சூப்பர்வைசர். புருசன் சரவணக்குமார் மோகனூர்க்காரன். இந்த யார்டு கட்டிய முதல் கப்பலிலேயே பிட்டராக வேலைக்குச் சேர்ந்து கடலுக்குப் போயிருக்கிறான். கல்யாணமாகி ஆறு மாதம்.

போன வார அத்தியாயத்தில், இரண்டாம் கப்பலின் ஒரு பிளாக்கில் தனப்பிரியாவின் கருவி எதையோ காட்டியது. அந்த இடத்தை அறுத்துப் பார்த்தால், வெல்டுக்கு உள்ளே மூன்று இரும்புக் கம்பி, செருகி வைத்து மேலே பூசியிருந்தது. "யாரு பண்ணச் சொன்னது?" என்று அவள் கேட்க, "உங்கப்பாதான் சொன்னாருங்க" என்று வெல்டர் காளியப்பன் பதில் சொன்னான்.

*

மறுநாள் விடிந்ததுமே வானம் மூடிக் கிடந்தது. வங்கக் கடலில் புயல் சின்னம் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. தனப்பிரியா இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு செல்போனைக் காதில் ஒட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் காலையில் புருசன் அனுப்பிய குரல்தான். பத்தாவது தடவையாகக் கேட்கிறாள்.

"அம்மிணி, விசாகப்பட்டினத்துல இருந்து கெளம்பியாச்சு. இனிச் சிக்னல் இருக்காது. தூத்துக்குடி வந்து கூப்புடறேன். நிலக்கரி லோடு. அலை சித்த எச்சாத்தான் இருக்குது. கப்பலு முனகுது. அட, எங்க மாமனாரு கட்டுனதுடா, ஒண்ணும் ஆவாதுன்னு இங்க எல்லார்த்துக்கும் நாந்தான் தைரியம் சொல்லிட்டுத் திரியறேன்."

"சாமி, திங்கறதைத் தின்னுபோட்டுக் கேளு" என்றாள் கண்ணாத்தாள்.

"வேண்டாங்கம்மா."

"மாப்பிள்ளை நல்லாத்தான் இருப்பாரு. ஆறு மாசத்துக்கே இப்பிடி ஏங்குனா எப்பிடி?"

ஏக்கமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் தனப்பிரியாவுக்குத் தோன்றியது. அவள் நினைப்பெல்லாம் அந்த மூன்று கம்பியில்தான் இருந்தது.

*

யார்டில் சென்னிமலை டீ குடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஏழெட்டு வெல்டர்கள். மகள் வந்து நேரே அவர் முன்னால் அந்த மூன்று கம்பிகளையும் போட்டாள். சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள்.

"இது என்னுங்கப்பா?"

"கம்பி."

"கம்பின்னு தெரியுதுங்க. பத்த வெச்ச எடத்துக்குள்ள அது என்ன பண்ணுது?"

"ரெண்டு தகட்டுக்கு நடுவுல சந்து எச்சா இருந்துச்சு. கம்பி வெச்சு அடைச்சு மேல பத்த வெச்சோம். இதென்ன புதுசா அம்மிணி? முப்பது வருசமா டிப்பருக்கு அப்பிடித்தான் பண்றோம். மேஸ்திரி, உன்ற வேலை உட்டுப்போச்சுன்னு ஒருத்தன் வந்து நின்னுருக்கறானா, கேட்டுப்பாரு."

அது உண்மை. சென்னிமலை கட்டிய வண்டி என்றால் நாமக்கல் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். மனுசன் திருடனும் இல்லை, சோம்பேறியும் இல்லை. தெரிந்த வேலையைத் தெரியாத இடத்தில் செய்தார். இந்த உலகத்தில் பாதிக் கேடு அப்படித்தான் வருகிறது.

"டிப்பர் வேற, கப்பல் வேறங்கப்பா."

"ஆமா, வேறதான். ரோட்டுல போற வண்டி குழியில உழுகும், அடி படும். தண்ணியில ஏது குழி? மெத்தையில படுத்தாப்புல போவுது. டிப்பருக்கே தாங்குனது இதுக்குத் தாங்காதா?"

காளியப்பன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். தனப்பிரியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. விழுங்கிக்கொண்டாள். படித்த படிப்பை இங்கே பேசினால் வேலைக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் வழியிலேயே போனாள்.

"சரிங்கப்பா. ஒரு பெரிய வண்டி. முன்சக்கரம் ஒரு மேட்டு மேல, பின்சக்கரம் ஒரு மேட்டு மேல. நடுவுல பள்ளம். நடுச்சக்கரம் பூராக் கழட்டிப்போட்டாச்சு. மூவாயிரத்து ஐநூறு டன் லோடு. அடியில இருக்கற சேஸ் என்னாகும்?"

"தொங்கிப்போயிரும்."

"அடுத்தாப்புல அந்த மேடு நகுந்து நடுவுக்கு வந்துருது. முன்னயும் பின்னயும் அந்தரத்துல நிக்குது. இப்போ?"

"முதுகு மேல தூக்கும்." சென்னிமலை டம்ளரைக் கீழே வைத்தார்.

"நிமிசத்துக்கு ஏழெட்டுத் தடவை இதே மாதிரிங்க. ராப்பகலா. அலைன்னா அதானுங்கப்பா. கடல் பூராக் குழிதான். மேல்தகடு இழுபட்டு இழுபட்டு எந்த எடத்துல கிழியும்? நீங்களே சொல்லுங்க."

சென்னிமலையின் முப்பது வருடத்து அனுபவத்துக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவர் கண் எதிரே நின்ற பிளாக்கின் மேல்தளத்துக்குப் போனது. சரக்கு இறக்குவதற்காக அங்கே பெரிய சதுர வாய் ஒன்று திறந்திருக்கும்.

"ஓட்டை போட்ட எடத்துல" என்றார் மெதுவாக. "ஓட்டையோட மூலையில."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சென்னிமலை எழுந்தார். மகளின் முழங்கையைப் பிடித்து, ஆட்கள் காதில் விழாத தூரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சாமி... மொதக் கப்பல்லயும் ஒரு எடத்துல வெச்சுப்போட்டேன்."

"எங்கீங்கப்பா?"

"ஒம்பதாம் பிளாக்கு. மேல்தளம். அந்த வாயோட பின்மூலைதான், எடது கைப் பக்கம்."

"சந்து எவ்வளவு அகலமுங்க?"

"ஒரு வெரல் அகலம். தகட்டைக் குறைச்சு அறுத்துப்போட்டானுங்க. முறைப்படி ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்துட்டு ஒரு அடித் தகடு புதுசா வெக்கோணும். ரெண்டு நாள் வேலை. டிரெய்லர் வந்து நிக்குது. போலீஸ் பர்மிட்டு அன்னிக்கு மட்டுந்தான். நானு மூணு மணிக்கு ஊட்டுல இருக்கோணும். ஒறம்பரைச் சனம் வந்துரும்."

"என்ன ஒறம்பரை? என்னிக்குங்கப்பா?"

சென்னிமலை மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உன்ற உப்புச்சக்கரை அன்னிக்கு, சாமி."

உப்பும் சர்க்கரையும் தட்டில் வைத்து மாற்றிக்கொண்டால், பெண் இனி அந்த வீட்டுக்குத்தான் என்று முடிவான மாதிரி. மோகனூரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆள் வந்திருந்தார்கள். அப்பா மூன்று மணிக்கெல்லாம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றதை நினைத்து அவள் எத்தனை தரம் சந்தோசப்பட்டிருக்கிறாள்! அந்த மூன்று மணிக்காகத்தான் கம்பி உள்ளே போயிருக்கிறது.

*

அவள் ஆபீஸுக்கு ஓடினாள். ஜெகதீஸ்வரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, மொதக் கப்பலு, ஒம்பதாம் பிளாக்கோட டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுங்க."

"எதுக்கு?"

அவள் சொன்னாள். மூச்சு வாங்க வாங்க, கம்பி, மூலை, நிலக்கரி லோடு, புயல் சின்னம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஜெகதீஸ்வரன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"இதை வேற ஆருகிட்டயாச்சும் சொன்னயா?"

"இல்லீங். இப்பச் சொல்லப் போறேன். கப்பல் ஆபீசுக்குப் போன் பண்ணோணும். பக்கத்துல எந்தத் துறைமுகம் இருக்குதோ அங்க கொண்டுபோய் நிறுத்தச் சொல்லோணும்."

"பாப்பா, உக்காரு மொதல்ல." அவன் அலமாரியைத் திறந்து ஒரு பைலை எடுத்தான். தாளைப் புரட்டி அவள் முன்னால் வைத்தான். "போன் பண்ணறதுக்கு முன்னால இதைப் பாத்துரு."

ஒன்பதாம் பிளாக். மேல்தளம். மூலை ஜாயின்ட்கள் நான்கு. குறை ஏதும் இல்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது. கீழே கையெழுத்து: தனப்பிரியா.

அவளுக்கு உடனே நினைவு வந்துவிட்டது. உப்புச்சக்கரை அன்றைக்குப் பத்து மணிக்கே யார்டிலிருந்து கிளம்பிவிட்டாள். மத்தியானம் அண்ணன் தாள்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து உட்கார்ந்திருந்தவளைச் சித்திகள் சுற்றி நின்று கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். "அப்பா பாத்துட்டாருங்களா?" என்று கேட்டாள். "பாத்துட்டாரு" என்றான் அண்ணன். முட்டி மேல் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அப்பா பார்த்தால் அவள் பார்த்த மாதிரிதானே!

கருவியை அந்த மூலையில் அவள் வைக்கவே இல்லை.

"அப்பா மட்டும் இல்ல, நீயும் உள்ள போவ. தாளைக் கொண்டுவந்து நீட்டுனவன் நான், நானும் வருவேன்" என்றான் ஜெகதீஸ்வரன். அவன் குரலில் மிரட்டல் இல்லை. பயம்தான் இருந்தது. "யார்டை இழுத்து மூடிருவாங்க. எறநூறு குடும்பம். நான் வேண்டாங்கல பாப்பா. ரெண்டே நாளு பொறு. கப்பலு தூத்துக்குடி சேந்துருட்டும். நானே ஆளைக் கூட்டிட்டுப் போயி, அந்த மூலையை வெட்டி எடுத்து, கமுக்கமாச் சரி பண்ணிப்போட்டு வாரேன். ஆருக்கும் தெரிய வேண்டாம்."

"ரெண்டு நாளைக்குள்ள எதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"நாலு மாசமா ஓடுதில்ல? ரெண்டு நாள்ல என்ன ஆயிரப் போவுது?"

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கதாநாயகி உடனே போனை எடுத்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் எடுக்கவில்லை. அரைமணி நேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். போலீஸ் ஜீப்பில் அப்பா ஏறுவது கண்ணில் வந்தது. அம்மா கடைவீதியில் தலை குனிந்து நடப்பது வந்தது. புருசன் தாளைப் பார்த்துவிட்டு, "நீயுமா அம்மிணி?" என்று கேட்பது வந்தது. அண்ணன் சொன்னபடியே ரெண்டு நாள் பொறுத்தால் இது எதுவுமே நடக்காது. நீங்களோ நானோ அந்த நாற்காலியில் இருந்தால் எத்தனை அரைமணி உட்கார்ந்திருப்போமோ, யாருக்குத் தெரியும்?

செல்போன் அடித்தது. அம்மா.

"சாமி, டிவியில என்னென்னமோ சொல்றாங்க. தாழ்வு மண்டலம் இன்னிக்குப் பொழுதோட புயலா மாறுதாமா. மீன் புடிக்கப் போனவங்களைப் பூராக் கரைக்கு வரச் சொல்லீட்டாங்களாம். மாப்பிள்ளைக்குப் போன் போவுதான்னு பாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"பாக்கறேனுங்கம்மா" என்று சொல்லிக் கட் பண்ணினாள். அப்புறம் அவள் அண்ணனைக் கேட்கவில்லை. சென்னையில் இருக்கும் கப்பல் கம்பெனியின் நம்பர் சுவரில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து அழுத்தினாள்.

"பாப்பா, வேண்டாம். சொன்னாக் கேளு!"

"அண்ணா, அதுல பதினாலு பேரு இருக்கறாங்க. அதுல ஒருத்தரு என்ற ஊட்டுக்காரரு. தள்ளுங்க."

ஜெகதீஸ்வரன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான். திறந்த கதவில் சென்னிமலை நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியாது. உள்ளே வந்து மகளின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். தனப்பிரியா செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தாள்.

மறுமுனையில் ஒரு அதிகாரியின் குரல் வந்தது. அவள் விசயத்தைச் சொல்லச் சொல்ல அந்தக் குரலின் அவசரம் அடங்கி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்க ஆரம்பித்தது.

"எந்த ஜாயின்ட்னு கரெக்டா சொல்லுங்கம்மா."

"மேல்தளம், முன்பக்கத்துச் சரக்கு வாய், பின்மூலை, எடது கைப் பக்கம். வெல்டுக்குள்ள கம்பி இருக்குதுங்க. வெளிய பாத்தா நல்லாத்தான் தெரியும்."

"எங்ககிட்ட இருக்கற ரிப்போர்ட்ல குறை இல்லைன்னு போட்டிருக்கே. யார் டெஸ்ட் பண்ணது?"

தனப்பிரியா அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

"கையெழுத்து என்னோடதுங்க. ஆனா நான் டெஸ்ட் பண்ணலீங்க. பாக்காமயே போட்டுக் குடுத்துட்டேன்."

"உங்க பேரு?" என்றது குரல். சொன்னாள். "நம்பரை எங்கேஜா வைக்காதீங்க. கேப்டன்கிட்டப் பேசிட்டுத் திருப்பிக் கூப்பிடறேன்."

இருபது நிமிடம். வெளியே கிரைண்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரிய பெரிய சொட்டாக மழை தகரக் கூரையில் விழ ஆரம்பித்தது. சென்னிமலை, "மூணு மணிக்கு நான் வாராட்டி அவிய என்ன, கோவிச்சுட்டுப் போயிருப்பாங்களா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

போன் வந்தது.

"பேசிட்டேம்மா. நெல்லூருக்கு நேரா இருக்காங்க. அலை நாலு மீட்டர். பக்கத்துல கிருஷ்ணபட்டினம் துறைமுகத்துக்குத் திருப்பச் சொல்லிட்டோம். நீங்க இப்ப சொன்னது நல்லதாப் போச்சு. நாளைக்குன்னா அங்க திரும்பவே முடிஞ்சிருக்காது."

தனப்பிரியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "திரும்பிட்டாங்களாங்க?"

"இன்னும் இல்லை. திரும்பும்போது அலை பக்கவாட்டுல அடிக்கும். கப்பல் முறுக்கும். அதுக்கு முன்னாடி அந்த மூலைல விரிசல் விட்டிருக்கான்னு பாத்தாகணும்னு கேப்டன் சொல்றாரு. டெக் மேல தண்ணி ஏறிட்டிருக்கு. இருந்தாலும் இடுப்புல கயிறு கட்டி ஆள் அனுப்பியாச்சு."

"யாருங்க?"

"வெல்டு தெரிஞ்ச ஆள் கப்பல்ல ஒருத்தர்தாம்மா. பிட்டர். பேரு..." காகிதம் புரளும் சத்தம். "சரவணக்குமார். போய்ப் பதினஞ்சு நிமிஷம் ஆகுது. வந்ததும் சொல்றேன்."

சென்னிமலை தரையிலிருந்து எட்டி மேசை மேலிருந்த செல்போனை இரண்டு கையாலும் எடுத்தார். வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க சாமி, அந்தப் பையனைக் கூப்புட்டுருங்க. பாக்க வேண்டாமுங்க. அது விரிசல் விட்டிருக்குமுங்க. நான் வெச்சதுங்க, எனக்குத் தெரியுமுங்க. அவரைத் திருப்பிக் கூப்புட்டுருங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்..."

மறுமுனையில் போனை எப்போதோ வைத்துவிட்டார்கள். தனப்பிரியா அதை அவரிடம் சொல்லவில்லை.